போனில் "சொல்லுங்கம்மா" என்கிறார்கள், குரலைக் கனமாக்க வழி உண்டா?

செந்தூல் பையன்:
வயது 26, பிரிக்பீல்ட்ஸில் இன்சூரன்ஸ் வேலை, நாள் முழுக்க போன்தான். போன வாரம் கிள்ளானிலிருந்து ஒரு பெரியவர், பத்து நிமிடம் நன்றாகப் பேசிவிட்டு, "சரிம்மா, ஆம்பளைங்க யாராச்சும் இருந்தா போனைக் குடும்மா" என்றார். பக்கத்து மேசையில் சிரித்த சிரிப்பு இருக்கிறதே! வீடியோ பார்த்து அடித்தொண்டையில் பேசிப் பழகினேன், நாலே நாளில் தொண்டை கட்டிவிட்டது. இது பிறவிக் குரல்தானா, மாற்ற முடியாதா?

தண்ணீர்மலை அக்கா:
தம்பி, முதலில் அந்த அடித்தொண்டையை விடுங்கள். நான் பினாங்கில் தமிழ்ப்பள்ளி ஆசிரியை, கத்திக் கத்திக் குரல் நாணில் முடிச்சு வந்து பேச்சுப் பயிற்சிக்குப் போனவள். அங்கே முதலில் கொடுத்தது ஒரு ஸ்ட்ரா! கிளாஸில் பாதித் தண்ணீர், ஸ்ட்ரா இரண்டு விரல் அளவு மூழ்கியிருக்க வேண்டும், 'ஊ' என்று சத்தத்தோடு ஊத வேண்டும். குமிழி விட்டு விட்டு வந்தால் மூச்சு சீராக இல்லை, கழுத்து நரம்பு புடைத்தால் தொண்டையை இறுக்குகிறீர்கள். மைலோ ஐஸ் தப்பாவ் (பார்சல்) வாங்கும்போது வருகிற ஸ்ட்ராவே போதும். காலையில் ஐந்து நிமிடம் செய்தால் குரல் இறுக்கமில்லாமல் வரும், ஆனால் சிங்கம் மாதிரி கர்ஜிக்க வைக்காது, அதையும் சொல்லிவிடுகிறேன். அப்புறம், மூன்று வாரத்துக்கு மேல் கரகரப்பு போகாவிட்டால் காது மூக்கு தொண்டை டாக்டரைப் பாருங்கள்.

ஒயர்மேன்:
டெலிபோன் லைன் வேலை பார்த்தவன் சொல்கிறேன். பழைய லைனில் 300 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ள கனத்த ஒலி பெரும்பாலும் போய்ச் சேராது. ஆண் குரலின் அடிச்சுருதியோ சுமார் 85 முதல் 155 வரைதான், மேலே வரும் ஒலிகளை வைத்து மறுமுனைக் காதே மிச்சத்தை ஊகித்துக்கொள்கிறது. அதனால் ரொம்ப ஆழமாகப் பேசினால் கனம் தெரியாது, முணுமுணுப்புதான் கேட்கும். சொந்த அழைப்பு ஒன்றைப் பதிவு செய்து கேளுங்கள் (முதல் தடவை அருவருப்பாக இருக்கும், நம் குரலை நாம் எலும்பு வழியாகவும் கேட்டுப் பழகியதால் அப்படி). என் தம்பி "நான் இன்சூரன்ஸ்லேர்ந்து பேசுறேன்" என்பதையே கேள்வி மாதிரி மேலே தூக்கி முடிப்பான். அதைக் கீழே இறக்கி முடித்து, அங்கே ஒரு மூச்சு நிறுத்தியதும் "சார்" என்று கூப்பிட ஆரம்பித்தார்கள் லா.

தண்ணீர்மலை அக்கா:
ஒன்று கேட்க மறந்துவிட்டேன். இருமும்போது, வாய்விட்டுச் சிரிக்கும்போது உங்கள் குரல் எப்படி? அது கனமாக வந்தால் குரல்வளை வளர்ந்துதான் இருக்கிறது, சின்ன வயசுப் பழக்கத்தில் மேலேயே பேசிக்கொண்டிருக்கலாம். பருவ வயதில் குரல் உடைந்தும் பழைய சுருதியை விடாத பையன்கள் உண்டு. அதற்கு ஆபரேஷன் தேவைப்படுவது அபூர்வம், பேச்சுப் பயிற்சியாளரிடம் சில வாரம் போனாலே பலருக்கும் இறங்கிவிடும்.

செந்தூல் பையன்:
அக்கா, இப்போதுதான் பாத்ரூமில் இருமிப் பார்த்தேன். வெளியிலிருந்து அம்மா கேட்கிறார், "என்னங்க, தண்ணி வேணுமா?" என்று. அப்பா என்று நினைத்துவிட்டார்!