பாலிவேலன்ஸ்: ‘பல்பயன்கோள்’ என்று சொல்லலாமா?

அன்புள்ள நண்பர்களுக்கு,

மூன்று நாளாக இந்த இழையைப் படித்துவருகிறேன். ‘பாலிவேலன்ஸ்’ (polyvalence) என்னும் கட்டடக்கலைக் கருத்துக்கு, அதாவது ஒரு வடிவம் தான் மாறாமலேயே பல பயன்களுக்கு இடம்கொடுப்பதற்கு, தமிழ்ச்சொல் கேட்டது நான்தான். ஆனால் எந்த இடத்தில் அது தேவைப்படுகிறது என்று முதல் மடலில் சரியாகச் சொல்லவில்லை. அதனால்தான் பரிந்துரைகள் பல திசைகளில் போய்விட்டன என்று நினைக்கிறேன்.

டச்சுக் கட்டடக் கலைஞர் ஹெர்மன் ஹெர்ட்ஸ்பெர்கரைப் பற்றி மாணவர்களுக்குத் தமிழில் பாடக்குறிப்பு எழுதிக்கொண்டிருக்கிறேன். முதல் வரைவில் ஃப்ளெக்சிபிலிட்டி (இடத்தையே தேவைக்கேற்ப மாற்றிக்கொள்வது), பாலிவேலன்ஸ் இரண்டுக்குமே ‘நெகிழ்வு’ என்று போட்டிருந்தேன். படித்த மாணவி ஒருத்தி வந்து கேட்டாள்: “ஐயா, இந்தப் பக்கத்தில் நெகிழ்வு வேண்டாம் என்கிறார், அடுத்த பக்கத்தில் அதுதான் வேண்டும் என்கிறார். எதை எழுதிக்கொள்வது?” அவள் கேட்டது நியாயம். அவர் 1960களின் தொடக்கத்திலிருந்து வாதாடிவந்ததே இந்த இரண்டும் வேறு வேறு என்பதைத்தான். இரண்டையும் ஒரே சொல்லில் போட்டு மூடினால் அவருடைய மொத்த வாதமும் மறைந்துபோகிறது.

ஆளைப் பற்றிக் கொஞ்சம். 1932இல் ஆம்ஸ்டர்டாமில் பிறந்தவர். நெதர்லாந்தின் டெல்ஃப்ட் நகரில் படித்து 1958இல் பட்டம் பெற்ற கையோடு சொந்த அலுவலகம் தொடங்கினார். 1959 முதல் 1963 வரை ஆல்டோ வான் ஐக், பாக்கெமா முதலிய கட்டடக் கலைஞர்களோடு ‘ஃபோரம்’ என்ற கட்டடக்கலை இதழின் ஆசிரியர் குழுவில் இருந்தார். 1970 முதல் 1999 வரை டெல்ஃப்டில் பேராசிரியர். 1990இல் தொடங்கிய பெர்லாகெ கட்டடக்கலைக் கல்வி நிறுவனத்தின் முதல் தலைவரும் அவர்தான். 2012இல் கட்டடக்கலைக்கான பிரிட்டனின் அரச தங்கப் பதக்கம் பெற்றார். விருதுகளை விட, அவர் கட்டடங்களுக்குள் மனிதர்கள் என்ன செய்தார்கள் என்பதுதான் நமக்கு இங்கே முக்கியம்.

டெல்ஃப்டில் அவர் கட்டிய மாண்டிசோரி பள்ளியின் முதல் பகுதி 1966இல் முடிந்தது. அதன் கூடத்தின் நடுவில் செங்கல்லால் கட்டிய ஒரு மேடை இருக்கிறது. தாழ்வான, சதுரமான, அசைக்க முடியாத ஒரு திட்டு. கூடத்தைக் கடக்கிற எவரும் அதைச் சுற்றிக்கொண்டுதான் போக வேண்டும். பிள்ளைகள் அதில் உட்கார்ந்து படிக்கிறார்கள். பொருள்களைப் பரப்பி வேலை செய்கிறார்கள். பாட்டோ நாடகமோ என்றால் அது அரங்கு. உள்ளிருந்து மரப்பலகைகளை வெளியே இழுத்தால் அரங்கு இன்னும் அகலமாகிறது. மற்ற நேரங்களில் ஏறிக் குதிப்பதற்கு ஒரு தீவு.

அதே பள்ளியின் மழலையர் கூடத்தில் இதற்கு நேர்மாறாக ஒன்று. தரையில் சதுரமாக ஒரு பள்ளம், அது நிறைய மரக்கட்டைகள். கட்டைகள் உள்ளே இருக்கும்போது தரை சமமாக இருக்கும். எடுத்து வெளியே வைத்தால் ஒவ்வொன்றும் ஒரு முக்காலி. அடுக்கினால் கோபுரம், வரிசையாக வைத்தால் ரயில். காலியான பள்ளமோ, கூட்டிலே குஞ்சுகள் போலப் பிள்ளைகள் நெருங்கி உட்காரும் இடம்.

இந்த இரண்டையும் மனத்தில் வைத்துக்கொண்டு, வந்த பரிந்துரைகளைப் பார்ப்போம்.

> ‘பல்நோக்கு’ என்று நல்ல சொல் கையில் இருக்கும்போது புதிதாக எதற்கு?

பல்நோக்குக் கூடம் என்றால் இன்னின்னவற்றுக்கு என்று கட்டுகிறவர் முன்கூட்டியே எண்ணிவைத்தது: கூட்டம், விளையாட்டு, கல்யாணம். நோக்கு கட்டுகிறவருடையது. பட்டியலும் அவருடையது. செங்கல் மேடைக்கு அப்படிப் பட்டியல் கிடையாது. அது தீவு என்று முடிவு செய்தது ஆறு வயதுப் பிள்ளை. பிரெஞ்சுக்காரர்கள் ஊர்ப் பொதுக்கூடத்துக்கு இதே ‘பாலிவேலன்ட்’ அடைமொழியைத்தான் சேர்க்கிறார்கள் என்பது உண்மை. குழப்பம் அங்கேயே தொடங்கிவிட்டது. அதை நாமும் சுமக்க வேண்டியதில்லை.

> வேலன்ஸ் என்றால் இணைதிறன். ஆகவே ‘பல்லிணைதிறன்’. வேதியியலில் ஏற்கெனவே புழக்கத்தில் உள்ளது.

வேதியியலில் இருக்கட்டும். கட்டடத்தில் எது எதோடு இணைகிறது? கலைச்சொல்லாக்கத்தில் நாம் அடிக்கடி செய்யும் பிழை இது என்று எனக்குப் படுகிறது: வேர்ச்சொல்லைப் பிடித்துக்கொண்டு பொருளை விட்டுவிடுகிறோம்.

> நெகிழ்வுக்கும் இதற்கும் உண்மையிலேயே அவ்வளவு வேறுபாடு உண்டா?

உண்டு. போருக்குப் பிந்தைய டச்சு அடுக்குமாடி வீடுகளில் மேசை எங்கே, கட்டில் எங்கே என்பதை வரைபடமே தீர்மானித்துவிடும். ஒரு செயலுக்கு ஓர் அறை. அறை அந்தச் செயலுக்கு மட்டுமே அளவெடுத்துத் தைத்தது. இதற்கு மாற்று என்று அன்று சொல்லப்பட்டது நெகிழ்வு: நகரும் தடுப்புகள், எப்படியும் மாற்றிக்கொள்ளக்கூடிய வெற்றுத்தளம். ஹெர்ட்ஸ்பெர்கர் இரண்டையும் ஏற்கவில்லை. நெகிழ்வான இடம் எதற்கும் முழுசாகப் பொருந்தாது, எல்லாவற்றுக்கும் அரைகுறையாகவே பொருந்தும், அதற்கென்று முகமே இல்லை என்பது அவர் குறை. அவர் கேட்டது, தான் மாறாமலேயே பல பயன்களுக்கு இடம்கொடுக்கும் உறுதியான வடிவத்தை. அந்த மேடை நகர்த்தக்கூடியதாக இருந்திருந்தால் இடைஞ்சல் என்று ஒருநாள் ஓரமாகத் தள்ளியிருப்பார்கள். அது அசையாததால்தான் பிள்ளைகள் அதை என்ன செய்யலாம் என்று யோசித்தார்கள்.

மதுரை நண்பர் பாலிவேலன்ஸுக்குப் பரிந்துரைத்த ‘வடிவச் சிலேடை’ என்னை ஒரு நாள் முழுக்கப் பிடித்து வைத்திருந்தது. சொல்லைப் பிரித்துப் பொருள் கொண்டால் பிரிமொழிச் சிலேடை, பிரிக்காமல் அப்படியே நின்று வேறு பொருள் தந்தால் செம்மொழிச் சிலேடை. தடுப்பை நகர்த்தி அறையை மாற்றுவது பிரிமொழி, மேடை அசையாமல் நின்று வேறாவது செம்மொழி! இதைவிடத் தெளிவாக நெகிழ்வையும் பாலிவேலன்ஸையும் வேறுபடுத்த முடியாது. பாடக்குறிப்பில் விளக்கமாக இதைக் கட்டாயம் சேர்க்கப்போகிறேன். ஆனால் கலைச்சொல்லாக ஒரு தடை இருக்கிறது. சிலேடை பாடும் புலவனுக்கு இரண்டு பொருளும் முன்பே தெரியும். கேட்பவர் கண்டுபிடிப்பது அவன் ஒளித்துவைத்ததைத்தான். இங்கே கட்டியவருக்கே தெரியாத பயனைக் குடியிருப்பவர் கண்டெடுக்கிறார்.

ஆக, சொல்லுக்குள் அந்தக் குடியிருப்பவர் வந்தாக வேண்டும்.

ஹெர்ட்ஸ்பெர்கரே தன் கருத்தை மொழியை வைத்துத்தான் விளக்குகிறார். மொழி எல்லோருக்கும் பொது, பேச்சு அவரவருடையது. கட்டமைப்பு மொழி போல, அதில் வாழ்வது பேச்சு போல. இன்னோரிடத்தில் நெசவைச் சொல்கிறார்: பாவு ஒழுங்கைத் தருகிறது, ஊடை நிறத்தையும் கோலத்தையும் தருகிறது. அவரே மொழியின் பக்கம் கைகாட்டும்போது நாம் நம் இலக்கணத்தில் தேடலாமே என்று தோன்றியது. கிடைத்தது ‘பொருள்கோள்’. செய்யுளின் சொற்கள் நின்ற இடத்தில் நிற்க, படிப்பவர் கூட்டிப் பொருள் கொள்ளும் முறை. கோள் என்பது கொள்ளுதல். அதே அச்சில் வார்த்தால்:

பயன்கோள் – ஓர் இடத்தை அல்லது வடிவத்தை அதில் புழங்குபவர் தமக்கேற்பப் பயன்கொள்ளும் முறை.

பல்பயன்கோள் – வடிவம் மாறாமலே பல பயன்கோள்களுக்கு இடம்தரும் தன்மை. அதாவது பாலிவேலன்ஸ்.

கோள் என்றால் கிரகம் என்று நினைப்பார்களே என்ற கவலை வரும். மேற்கோள், குறிக்கோள் என்னும்போது யாரும் வானத்தைப் பார்ப்பதில்லை. கூட்டுச்சொல்லில் வந்தால் பொருள் தெளிந்துவிடும்.

சொல் தாங்குமா என்று அவருடைய மற்ற கட்டடங்களில் வைத்துப் பார்த்தேன். டெல்ஃப்டிலேயே டியாகூன் வீடுகள் எட்டு, 1970ஐ ஒட்டிக் கட்டியவை. மாடிப்படி ஒரு தண்டு, சமையலும் குளியலும் இன்னொரு தண்டு, அவற்றைச் சுற்றி அரைமட்டங்களாக ஏறும் தளங்கள். எது படுக்கையறை, எது வேலையறை என்று வரையவே இல்லை, வேண்டுமென்றே முடிக்காமல் கொடுத்தார். எந்தத் தளத்தில் உண்பது, எதில் உறங்குவது என்று குடிவந்தவர்களே முடிவு செய்தார்கள். “எட்டு வீடுகளும் ஒரே வடிவம், எட்டு பயன்கோள்” என்று எழுதிப் பார்த்தேன். இயல்பாகவே விழுகிறது.

நெதர்லாந்தின் அப்பல்டோர்ன் நகரில் சென்ட்ரால் பெஹேர் காப்பீட்டு நிறுவனத்தின் அலுவலகம், 1972. சுமார் ஆயிரம் பேருக்கு இடம். ஒன்பது மீட்டர் சதுரத் தளங்கள் தீவுகளாக அடுக்கப்பட்டு, இடையே மேலிருந்து வெளிச்சம் இறங்கும். பூசாத கான்கிரீட் கட்டிகள் வெறுமையாகவே விடப்பட்டன. வேலை செய்தவர்கள் செடியும் படமும் வீட்டுச் சாமான்களும் கொண்டுவந்து வைத்துத் தங்கள் மூலையாக்கிக்கொண்டார்கள். இங்கும் சொல் நிற்கிறது. பின்னாளில் நிறுவனம் போய், கட்டடம் காலியாகி, அதை வீடுகளாக்கும் பேச்சும் வந்தது. அதுவும் இன்னொரு பயன்கோள்தான்.

அவர் காட்டும் பழைய சான்றுகள் இன்னும் பொருத்தம். பிரான்சின் ஆர்ல் நகரில் ரோமர் கட்டிய வட்டரங்கு இடைக்காலத்தில் மதிலாகி, உள்ளே வீடுகள் எழும்பி ஒரு சிற்றூராகவே இருந்தது. இத்தாலியின் லூக்காவில் அரங்கின் மேல் வீடுகள் ஏறி, நடுவெளி முட்டைவடிவச் சதுக்கமாக மிஞ்சியது. ஒன்று மதில், ஒன்று சதுக்கம். கட்டிய ரோமானியர் எவரும் இதை நினைத்திருக்க முடியாது. இங்கே ‘பல்நோக்கு’ என்று போட்டுப் பாருங்கள். வாக்கியமே பொய்யாகிவிடும்.

தொடர்பான சொற்களுக்கு என் முன்மொழிவு: ஃப்ளெக்சிபிலிட்டி நெகிழ்வு, மல்ட்டிபர்ப்பஸ் பல்நோக்கு, பாலிவேலன்ட் ஃபார்ம் பல்பயன்கோள் வடிவம். ‘பன்முகத்தன்மை’யை இதற்குள் கொண்டுவர வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். அதற்கு ஏற்கெனவே சுமை அதிகம்.

ஒரே ஓர் இடத்தில் எனக்குத் தயக்கம். வினையாக வரும்போது ‘பயன்கொள்’ என்பதே போதும்: “பிள்ளைகள் மேடையைத் தீவாகப் பயன்கொண்டார்கள்.” ஆனால் வகுப்பில் வாய்விட்டுச் சொல்லும்போது ‘பயன்படுத்தினார்கள்’ என்றே நாக்கு போகிறது. பயன்படுத்துவதில் இருப்பதை எடுத்தாளுவது மட்டும் உண்டு, புதிதாகக் கண்டுகொள்வது இல்லை என்று எனக்குப் படுகிறது. உங்கள் காதுக்கு எப்படி? இலக்கணம் அறிந்தவர்களும், கட்டட வரைபடத்தோடு தினமும் மல்லுக்கட்டுகிறவர்களும் சொல்ல வேண்டும். வெள்ளிக்கிழமை வரை காத்திருந்து, அதன்பின் வரைவில் சேர்க்கிறேன். அந்த மாணவியிடமும் புதிய பக்கத்தைக் கொடுத்திருக்கிறேன்.

அன்புடன்