கிளிக்கு டிகிரி காபி

மன்னார்குடி அத்தை: வீட்டுக் காக்டெயில் கிளி ஒரு வாரமாகத் தும்முகிறது. தீனியில் குறைவில்லை, காலையில் வைக்கிற சூரியகாந்தி விதை மத்தியானத்துக்குள் காலி.

குடந்தைச் சித்தப்பா: ஆடிக்காற்று அக்கா. கூண்டை உள்ளே வையுங்கள்.

அம்மு (ஒரத்தநாடு கால்நடைக் கல்லூரி): வேறு என்ன கொடுக்கிறீர்கள் அத்தை?

அத்தை: ஒரு வாய் தயிர்சாதம், முறுக்கு. அப்புறம் மாமா காபி குடிக்கும்போது டவரா விளிம்பில் உட்கார்ந்து அதுவும் ரெண்டு மடக்கு குடிக்கும், பார்க்க அவ்வளவு அழகு.

அம்மு: ஐயோ, காபியை இன்றோடு நிறுத்துங்கள்! கிளி மொத்தமே நூறு கிராம்கூடத் தேறாது, கஃபீன் இதயத்தை எகிற வைத்து உயிரையே வாங்கிவிடும். பாலும் அதற்குச் செரிக்காது. சூரியகாந்திப் பருப்பில் பாதி கொழுப்பு, வைட்டமின் ஏ பெயருக்குக்கூட இல்லை. அது குறைந்தால் மூக்கு, வாயின் உள்தோல் தடித்துச் சளி பிடிக்கும், வாய்க்குள் வெள்ளைத் திட்டு வரும். பார்த்தீர்களா?

அத்தை: விட்டால்தானே. விரலைக் கடித்துவிட்டது.

சித்தப்பா: வள்ளி ஆலோலம் பாடி விரட்டின காலத்திலிருந்து கிளி தானியம்தானே தின்கிறது?

அம்மு: அது வேறு கிளி சித்தப்பா. இது ஆஸ்திரேலியாவில் நாளெல்லாம் பறந்து புல் விதை தேடித் தின்கிற இனம். அத்தை வீட்டில் டிவி பார்த்துக்கொண்டு தின்கிறது.

சித்தப்பா: பேசாமல் நம்மூர்ப் பச்சைக்கிளியே வாங்கியிருக்கலாம்.

அம்மு: 1972 வனவிலங்குச் சட்டப்படி அது குற்றம். அத்தை, காலையில் பசியோடு இருக்கும்போது கொல்லை முருங்கைக் கொத்தை அலசி ஈரத்தோடு கம்பியில் சொருகுங்கள், கேரட் துருவல், பப்பாளி, பரங்கி கொஞ்சம். ஒரு மணி நேரம் கழித்துத் தினை, அதில் நாலைந்து சூரியகாந்தி. விதையை ஒரேயடியாக நிறுத்திவிடாதீர்கள், கீரை சாப்பாடு என்றே தெரியாமல் பட்டினி கிடக்கும். தினமும் சமையலறைத் தராசில் எடை பாருங்கள். அவகாடோ, சாக்லேட் விஷம். சுண்ணாம்புச் சத்துக்குக் கணவாய் மீன் ஓடு.

நாகை பெரியம்மா: ஓடு நான் கொண்டுவருகிறேன். உப்பு போக ஊறவைத்துக் காயவைத்துத்தான் கொடுக்க வேண்டும்.

அம்மு: தும்மலுக்குத் தீனி மட்டும் போதாது, நாளைக்கே இங்கே எங்கள் கல்லூரியில் காட்டுங்கள்.

(மறுநாள் மாலை)

அத்தை: திட்டு இருக்கிறதாம், மருந்து கொடுத்திருக்கிறார்கள். 86 கிராம். முருங்கையை உருவி உருவிக் கீழே போடுகிறது, ரெண்டு இலைதான் உள்ளே போயிருக்கும்.

மாமா: டவரா சத்தம் கேட்டாலே கத்துகிறது. கொல்லைக் கதவைச் சாத்திக்கொண்டு குடிக்கிறேன்.