தண்ணீர் மாற்றியதும் ரம்மிநோஸ் டெட்ரா மீனின் மூக்குச் சிவப்பு மங்குகிறது, யோசனை சொல்லுங்கள்

100 லிட்டர் தொட்டி, 12 ரம்மிநோஸ், ஸ்பாஞ்ச் ஃபில்டர், 26 டிகிரி. அம்மோனியா, நைட்ரைட் இரண்டும் 0. நைட்ரேட் 20 பிபிஎம்.

வாரம் 30 சதவீதம் தண்ணீர் மாற்றியதும் மூக்கு வெளுத்து, கூட்டம் கலைந்து மூலையில் ஒதுங்குகின்றன. சிவப்பு திரும்ப இரண்டு நாள் ஆகிறது, பாவம். குளோரின் நீக்கி, சூட்டைச் சரிபார்த்துத்தான் ஊற்றுவது.

சந்தேகம் கடினத்தன்மை மேல்தான்: தொட்டியில் ஜிஎச் (பொதுக் கடினத்தன்மை) 4, பிஎச் (அமில-கார அளவு) 6.4, குழாய்த் தண்ணீரில் ஜிஎச் 14, பிஎச் 7.8. ஆர்ஓ தண்ணீரைப் பாதிக்குமேல் கலக்கலாமா, இல்லை தினமும் 5 சதவீதம் மட்டும் மாற்றலாமா? இரண்டையும் செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்.

பிஎச் குறைக்கும் திரவம் மட்டும் வேண்டாம். கேஎச் (பிஎச் மாறாமல் தாங்கும் கார்பனேட் கடினத்தன்மை) அதிகமுள்ள தண்ணீரில் பிஎச் மறுபடி ஏறிவிடும். அந்த ஏற்ற இறக்கம் மீனுக்கு இன்னும் கெடுதல்.