கருவிழிப் புண்: கன்ஃபோகல் பரிசோதனை செய்துகொண்டவர்கள் இருக்கிறீர்களா?

வணக்கம். கதிரடிக்கும்போது நெல் சுணை பட்டு என் சித்தப்பாவின் வலது கண்ணில் புண். கருவிழியில் குருணை அளவு வெள்ளைத் திட்டு, ஓரமெல்லாம் பிசிறு. (முதல் இரண்டு நாள் வீட்டில் தாய்ப்பால் விட்டிருக்கிறார்கள், என்ன சொல்ல!) சுரண்டி எடுத்த மாதிரியில் எதுவும் தென்படவில்லை. பூஞ்சை ஆழத்தில் இருக்கலாம், கன்ஃபோகல் நுண்ணோக்கியில் பார்த்துவிடலாம் என்கிறார் மருத்துவர். அரை மில்லிமீட்டர் தடிமனுள்ள கருவிழியை அறுக்காமலே அடுக்கடுக்காகப் படமெடுத்து, பூஞ்சை இழைகளைக் கிளைவிட்ட வெள்ளைக் கோடுகளாகக் காட்டுமாம். பாக்டீரியா அதற்கும் சிக்காதாம்.

திருச்சி, மதுரைப் பக்கம் இது எங்கே இருக்கிறது? கட்டணம் எவ்வளவு? கருவியின் முனை கண்ணைத் தொடும் என்றதும் மனிதர் வரமாட்டேன் என்கிறார். மரத்துப்போகச் சொட்டு மருந்து விட்ட பிறகும் வலித்ததா? செய்துகொண்டவர்கள் எழுதுங்கள், அவருக்குப் படித்துக் காட்ட வேண்டும்.