மறு: ‘லூஸ் காண்டாக்ட்’டுக்குத் தமிழ்ச்சொல் – விடுதொடுகை

அனைவருக்கும் வணக்கம்.

பழைய வால்வு கிட்டார் ஆம்பில் (கண்ணாடிக் குழாய் வால்வுகளால் கிட்டார் ஒலியைப் பெருக்கும் கருவி) ஒலி விட்டுவிட்டு வந்தால் எப்படிச் சரிசெய்வது என்று தமிழில் எழுதும்போது, ‘லூஸ் காண்டாக்ட்’டுக்கு என்ன சொல் போடலாம் என்ற கேள்விக்கு மூன்று பரிந்துரைகள் வந்திருக்கின்றன: முறைப்பழுது, தளர்தொடுப்பு, இடைவிடுபழுது. மூன்றுமே யோசித்துச் செய்த சொற்கள். ஆனால் இதை வாசிக்கப்போகிறவர் கையில் ஸ்க்ரூடிரைவரோடு உட்கார்ந்திருப்பார். சொல் அவரைத் தவறான இடத்தில் தேடவைத்துவிடக் கூடாது. அந்த அளவுகோலை வைத்தே பார்க்கிறேன்.

> முறைக்காய்ச்சல் என்று நம்மிடம் பழைய சொல் உண்டு. அதே வழியில் முறைப்பழுது எனலாமே?

முறைக்காய்ச்சல் நல்ல சொல்தான். ஆனால் அது நாள் கணக்கு வைத்து வருகிற காய்ச்சல். ‘முறை’ என்றாலே ஓர் ஒழுங்கு வந்துவிடுகிறது. ஆம்பில் அப்படி ஒழுங்கு கிடையாது. ஒரு நாள் போட்டவுடன் ஒலி போகும், மறுநாள் இரண்டு மணிநேரம் வாசித்தாலும் ஒன்றும் ஆகாது. இதை விட்டுவிடலாம்.

தளர்தொடுப்புதான் பலருக்குப் பிடித்திருக்கிறது. எனக்கு இதில் இரண்டு தடைகள். தொடுப்பு என்பதை இணையப் பக்க இணைப்புக்கு ஏற்கெனவே எடுத்துக்கொண்டார்கள். அது சின்னத் தடை. பெரிய தடை ‘தளர்’ என்பதில் இருக்கிறது. ஒலி விட்டுவிட்டு வருகிற ஆம்பில் உண்மையிலேயே தளர்ந்திருப்பது பல காரணங்களில் ஒன்று மட்டும்தான். வால்வைச் செருகும் சாக்கெட்டின் உள்ளே இருக்கும் உலோகப் பிடிப்புகள் வருடக்கணக்கான சூட்டில் விரிந்து, வால்வின் அடியிலுள்ள ஊசியை இறுக்கிப் பிடிக்காமல் போகும். அங்கே தளர்வு சரி. கிட்டார் வயர் செருகும் ஜாக்கை எடுத்துக்கொள்ளுங்கள். வில் இறுக்கமாகவே இருக்கும், ஆனால் தொடும் இடத்தில் களிம்பு, அதாவது துரு போன்ற படலம், ஏறியிருக்கும். அசைத்துப் பார்த்து ‘இறுக்கமாகத்தானே இருக்கிறது’ என்று வாசகர் நகர்ந்துவிடுவார், பழுது அங்கேயே இருக்கும். ஈயத்தால் பற்றவைத்த இடத்தில் விழுந்த மயிரிழை விரிசலும் அப்படித்தான். கையால் இழுத்தால் கம்பி வராது. இருபது நிமிடம் சூடேறிய பிறகே உலோகம் விரிந்து விரிசல் திறக்கும்.

அடுத்து இடைவிடுபழுது. இது பழுதின் இடத்தைச் சொல்வதில்லை, நம் காதுக்குக் கேட்பதைச் சொல்கிறது. அதற்கு ‘விட்டுவிட்டு வரும் ஒலி’ என்று எல்லோருக்கும் புரிகிற தொடர் இருக்கும்போது தனிக் கலைச்சொல் தேவையா? காதுக்குக் கேட்பதும் உள்ளே நடப்பதும் வேறுவேறு என்பதை வாசகருக்குப் புரியவைக்க வேண்டும். பழுதுபார்க்கும் வேலையே ஒன்றிலிருந்து மற்றதற்குப் போகும் வழிதான்.

அந்த வழியைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் சொல்லைத் தீர்மானிப்பது அதுதான். 1963இல் வெளிவந்த ஃபெண்டர் டீலக்ஸ் ரிவர்ப் ஆம்பை எடுத்துக்கொள்வோம். இதன் சுற்று வரைபடம் எளிதாகக் கிடைக்கும், பின்னால் வந்த ஏராளமான ஆம்புகள் இதைப் பின்பற்றியவை. இதில் நார்மல், வைப்ரேட்டோ என்று இரண்டு சேனல்கள், அதாவது தனித்தனி ஒலிப்பாதைகள். நார்மல் சேனலுக்கு முதல் வால்வு. வைப்ரேட்டோவுக்கு இரண்டாவது வால்வும் நான்காவதில் பாதியும் (இந்த வால்வு ஒவ்வொன்றுக்குள்ளும் இரண்டு பகுதிகள் உண்டு). அதன்பின் இரண்டும் ஒன்றாகச் சேர்ந்து 12ஏடி7 வகை வால்வு ஒன்றின் வழியாக, ஸ்பீக்கரை இயக்கும் இரண்டு 6வி6 வால்வுகளுக்குப் போகின்றன. வைப்ரேட்டோவில் ஒலி போகும்போது கிட்டாரை நார்மலுக்கு மாற்றிப் பாருங்கள். அங்கே ஒலி ஒழுங்காக நின்றால் மின்வழங்கி, 6வி6, ஸ்பீக்கர் எல்லாம் நன்றாக இருக்கின்றன என்று பொருள். தேடவேண்டிய இடம் பாதிக்கும் கீழே சுருங்கிவிட்டது.

இன்னொரு சோதனை எனக்கு மிகவும் பிடிக்கும். வைப்ரேட்டோ சேனலில் ஒலி போன அந்த நேரத்தில், ரிவர்ப் (ஸ்பிரிங் வழியாக ஒலிக்கு எதிரொலி சேர்க்கும் பகுதி) அளவைக் கொஞ்சம் ஏற்றிவைத்து ஆம்பின் பெட்டியை மெல்லத் தட்டுங்கள். உள்ளே ஸ்பிரிங் அதிர்ந்து இடி முழங்குவதுபோல ஒலி வந்தால், ஸ்பிரிங்குக்குப் பிந்திய பாதை முழுக்க உயிரோடு இருக்கிறது. பழுது அதற்கு முன்னால். திறக்காமலே இவ்வளவு தெரிந்துகொள்ளலாம்.

ஒலி போன நேரத்தில் வால்வுகளின் செந்தணலையும் பார்க்கவேண்டும். சேனல்களில் இருக்கும் 12ஏஎக்ஸ்7 வகை வால்வில் சூடேற்றும் இழை இரண்டு பாதிகளாக இருக்கும். 4ஆம் ஊசியும் 5ஆம் ஊசியும் வெளியே ஒன்றாகக் கட்டப்பட்டு, நடுப்புள்ளி 9இல் இருக்கும். 9 விட்டுப்போனால் இரண்டு பாதியும் அணையும். 4 மட்டும் விட்டால் ஒரு பாதிதான் அணையும். எந்த ஊசி என்பதைக் கண்ணாலேயே சொல்லிவிடலாம். தணல் சரியாக இருந்தால் பென்சிலின் ரப்பர் முனையால் ஒவ்வொரு வால்வாகத் தட்டிப் பார்ப்பது. ஆம்பைத் திறந்த பிறகு காய்ந்த மூங்கில் குச்சியால் பற்றவைப்புகளை லேசாக அழுத்துவது. எங்கே தொட்டால் ஒலி வந்துபோகிறதோ, அங்கே இருக்கிறது.

கவனியுங்கள், கடைசியில் நாம் வந்து சேரும் இடம் சாக்கெட், ஜாக், சுவிட்ச், பற்றவைப்பு, எதுவாக இருந்தாலும் நடப்பது ஒன்றுதான். தொட்டுக்கொண்டிருக்க வேண்டிய இரண்டு உலோகங்கள் விட்டு விட்டுத் தொடுகின்றன. அதனால் என் பரிந்துரை விடுதொடுகை. தொடுகை ஏற்கெனவே நம் அறிவியல் நூல்களில் புழங்கும் சொல். தொடுதிரைபோல இதுவும் வினைத்தொகை: விட்ட, விடுகிற, விடும் தொடுகை. ஒலி இப்போது நன்றாக வந்துகொண்டிருந்தாலும் ‘இதில் விடுதொடுகை இருக்கிறது’ என்று சொல்லமுடியும். தளர்வு, களிம்பு, விரிசல் மூன்றும் அதன் காரணங்களாக உள்ளே வந்துவிடும். அகராதிக் குறிப்பாக இதை முன்வைக்கிறேன்: ‘விடுதொடுகை: சூடு, அதிர்வு, களிம்பு, விரிசல் ஆகியவற்றால் ஒரு மின்னிணைப்பு விட்டுவிட்டுத் தொடுவது.’

இதோடு சேர்த்து இன்னொரு சொல்லும் வேண்டும். ரேடியோ கடைகளில் ‘ட்ரை சால்டர்’ என்று சொல்வதைச் சிலர் ‘உலர் பற்றவைப்பு’ என்று போட்டிருந்தார்கள். அதில் உலர்ந்தது எதுவும் இல்லை. ஈயம் உருகிக் கம்பிமேல் உட்கார்ந்திருக்கும், ஆனால் பற்றியிருக்காது. பொற்கொல்லர்கள் வைத்திருக்கும் பற்றாசு என்ற சொல்லின் பக்கத்திலேயே நின்று, பற்றாப்பற்று என்று சொல்லலாம் என்பது என் எண்ணம். சொல்லைக் கேட்டவுடனே மறுபடி பற்றவைக்கவேண்டும் என்று தோன்றும்.

வால்வு, சாக்கெட், ஜாக், ஸ்பீக்கர் ஆகியவற்றை அப்படியே விடுவோம். அந்தச் சொற்களை மாற்றினால் கடையில் போய்ப் பொருள் கேட்கமுடியாது.

சொல் எதுவானாலும், கட்டுரையில் எச்சரிக்கை முதலில் வரவேண்டும். இந்த ஆம்புகளில் 400 வோல்ட்டுக்கு மேல் இருக்கும், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் மின்தேக்கிகள் அதை வைத்திருக்கக்கூடும். மீட்டரில் பார்த்து மின்னழுத்தம் இறங்கியது உறுதியான பிறகே உள்ளே கைவைக்கவேண்டும். மூங்கில் குச்சி சோதனை மட்டும் மின்சாரம் ஓடும்போது செய்வது. அனுபவம் இல்லாதவர்கள் அதைத் தெரிந்தவரிடம் விடுவது நல்லது. ஸ்பீக்கரைக் கழற்றிவிட்டு ஆம்பை ஓட்டவும் கூடாது, அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் போய்விடலாம். அப்புறம், ஸ்பீக்கர் ஜாக்கில் விடுதொடுகை என்றால் அதே ஆபத்து தானாகவே நடக்கிறது. ஆகவே தேடலை அங்கிருந்து தொடங்கச் சொல்லுங்கள்.

பற்றாப்பற்றுக்கு இலக்கண மறுப்பு உண்டா? விடுதொடுகையைவிடச் சின்னதாக ஏதாவது தோன்றினாலும் எழுதுங்கள்.