புதுப்பிப்பு: நீலப்பூக் கிண்ணத்தின் எக்ஸ்ஆர்எஃப் (எக்ஸ்-கதிரால் தனிமங்களை அறியும் சோதனை) முடிவு வந்துவிட்டது

சீனப் பேரரசர் காங்ஷி கால (1662–1722) முத்திரை உள்ள என் நீல வெள்ளைப் பீங்கான் கிண்ணம் அசலா என்று கேட்டிருந்தேன். உதவிய எல்லாருக்கும் நன்றி.

பீங்கான் எப்போது சுடப்பட்டது என்று கணிக்கும் தெர்மோலூமினசென்ஸ் சோதனைக்கு அடியில் துளைபோட வேண்டும் என்றார்கள், மனசு வரவில்லை. "எக்ஸ்ஆர்எஃப் கருவியில் மாங்கனீசைப் பாருங்கள்" என்ற யோசனைதான் கைகொடுத்தது. ஒரு கீறல்கூட விழவில்லை. நீலக்கோட்டை அளந்தபின், களிமண்ணிலும் மெருகிலும் உள்ளது கலந்துவிடாமல் இருக்க, பக்கத்து வெள்ளைப் பரப்பையும் அளந்து கழித்தோம், இதை விட்டுவிடாதீர்கள்.

நீல நிறம் தரும் சீனாவின் உள்நாட்டுக் கோபால்ட் தாதுவில், கோபால்ட்டைவிட மாங்கனீசு பல மடங்கு இருக்கும். என் கிண்ணத்தில் அது இல்லவே இல்லை, இரும்பும் சொற்பம். அப்படியென்றால் ஆலையில் சுத்திகரித்த கோபால்ட். அது சீனாவில் பரவியது 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில்தான். ஆக, கிண்ணம் காங்ஷி காலத்தது அல்ல. ரொம்ப வருத்தமாகிவிட்டது.

எதிர்பாராத ஒன்று: புறஊதா விளக்கில் விளிம்பில் நகக்கண் அளவு இடம் தனியாக ஒளிர்ந்தது. பிசின் வைத்து அடைத்த பழைய உடைசல். விற்றவர் சொல்லவே இல்லை.