இணைய இணைப்பு இல்லாத பழைய கணினிக்கு அப்டேட் போட்ட அனுபவங்கள்

எடைமேடைப் பொறுப்பாளர்
எங்கள் அரிசி ஆலையின் எடைமேடையில் இருப்பது விண்டோஸ் 7. எடை போடும் மென்பொருள் அதற்கு மேல் எதிலும் ஓடாது. போன அறுவடையின்போது, மைக்ரோசாஃப்ட் அப்டேட் கேட்டலாக் என்ற இணையதளத்தில் இருப்பதிலேயே புதியதை வீட்டில் தரவிறக்கி, பென் டிரைவில் கொண்டுவந்து போட்டேன். ஏறிவிட்டது என்றுதான் காட்டியது. ரீஸ்டார்ட் ஆகும்போது, அப்டேட் தோல்வியடைந்தது, மாற்றங்கள் திரும்பப் பெறப்படுகின்றன, கணினியை அணைக்க வேண்டாம் என்ற வாசகம் திரையில் வந்து நின்றுவிட்டது. மேடைமீது நெல் லாரி, அதன் பின்னால் இன்னும் நான்கு. ஓட்டுநர் சன்னலருகே வந்து, "எடை போட்டாச்சா சார்?" என்று கேட்டபோது, திரையில் சுற்றிக்கொண்டிருந்த வட்டத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். பழைய கணினிக்கு இனி எதுவும் ஏறாது என்று அன்றே விட்டுவிட்டேன்.

பழுதுநீக்கும் கடை
அந்த முடிவு தவறு, ஐயா. கணினியில் குறையில்லை, நீங்கள் எடுத்த கோப்பின் தேதியில்தான் குறை. விண்டோஸ் 7-க்கான இலவச ஆதரவு 2020 ஜனவரி 14-உடன் முடிந்தது. அதற்குப் பிறகு வந்தவை, கட்டணம் செலுத்தி நீட்டிப்பு பெறாத கணினிகளில் ஏறியதுபோலத் தோன்றி, ரீஸ்டார்ட்டில் பின்வாங்கிவிடும். உங்களுக்கு வேண்டியது அந்த ஜனவரித் தொகுப்பான கேபி4534310 (கேபி என்பது ஒவ்வொரு அப்டேட்டுக்கும் மைக்ரோசாஃப்ட் தரும் எண்). அதற்கு முன் சர்வீஸ் பேக் 1 என்ற பெரிய தொகுப்பு, பிறகு கேபி4490628, கேபி4474419 ஆகியவை ஏறியிருக்க வேண்டும். கோப்பு மைக்ரோசாஃப்ட்டுடையதுதான் என்று காட்டும் டிஜிட்டல் கையொப்ப முறை 2019-இல் எஸ்ஹெச்ஏ-2-க்கு மாறியதால், இவை இல்லாத கணினியால் பின்னால் வந்த கோப்புகளின் கையொப்பத்தைச் சரிபார்க்க இயலாது.

என்னை உறுத்துவது வேறொன்று. வாடிக்கையாளர் ஒருவரின் கணினியில், அப்டேட்டுகளைத் தேடுகிறது என்ற பச்சைக் கோடு இரவு முழுவதும் ஓடியது. காலையில் விண்டோஸ் அப்டேட் சர்வீஸை நிறுத்திவிட்டு அதே கோப்பைத் திறந்தேன். பத்து நிமிடத்தில் முடிந்தது.

பள்ளி ஆய்வகம்
இருவரும் பென் டிரைவைப் பற்றி ஒரு சொல்கூடச் சொல்லவில்லையே! எங்கள் ஆய்வகத்தில் அப்டேட் கொண்டுவந்த பென் டிரைவைத் திறந்தபோது, கோப்புறைகள் எல்லாம் ஷார்ட்கட்டுகளாக மாறியிருந்தன. ஒரு மாணவி அதற்குள் ஒன்றைச் சொடுக்கிவிட்டாள். 2010-இல் வெளிப்பட்ட ஸ்டக்ஸ்நெட், இணையத்தோடு இணைக்கப்படாத ஈரானின் நடான்ஸ் அணு நிலையக் கணினிகளைத் தாக்கியதை மறந்துவிட வேண்டாம். ஷார்ட்கட்டின் ஐகான் திரையில் தெரிந்தாலே போதும் என்ற ஓட்டையைப் பயன்படுத்தி, யூ.எஸ்.பி. வழியாகவும் பரவக்கூடியது அது. ஆகவே அப்டேட்டுக்கென்று தனியாக ஒரு பென் டிரைவ் வையுங்கள். ஒவ்வொரு முறையும் ஃபார்மட் செய்த பிறகே கோப்பை ஏற்றுங்கள். போட்டோ கடை, ஜெராக்ஸ் கடை என்று எங்கும் அதைச் செருகாதீர்கள். கோப்பு 32 பிட்டா, 64 பிட்டா என்பதையும் வீட்டிலேயே பார்த்துவிடுங்கள்; மாறிப்போனால் இந்தக் கணினிக்குப் பொருந்தாது என்ற செய்திதான் வரும், மறுபடியும் அலைய வேண்டும்.

டெபியன் பயனர்
மருந்தகம் ஒன்றில் டெபியன் லினக்ஸ் ஓடும் கணினிக்கு, ஆப்ட்-ஆஃப்லைன் என்ற கருவி கொண்டு வேண்டிய அப்டேட்டுகளின் பட்டியல் எடுத்து, வீட்டில் தரவிறக்கி, ஜிப் கோப்பாகக் கொண்டுபோய் இன்ஸ்டால் கட்டளை கொடுத்தேன். இரண்டு மாதங்கள் கழித்துப் பார்த்தால், எல்லா மென்பொருள் பொதிகளும் பழைய பதிப்பிலேயே இருந்தன. அந்தக் கட்டளை கோப்புகளை, மென்பொருளை நிறுவும் ஆப்ட்டின் சேமிப்பில் வைப்பதோடு நின்றுவிடுகிறது. ஆப்ட் அப்கிரேடு என்று அடுத்த கட்டளையை நான்தான் கொடுத்திருக்க வேண்டும். முடிந்துவிட்டது என்று கடைக்காரரிடம் சொல்லிவிட்டு வந்திருந்தேன்.